கண்ணுக்குள் ஓர் எண்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய். வழக்கம்போல் அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்குக் காலைப் பேருந்தில் போனேன். முன் இருக்கையில் இரண்டு கிறிஸ்தவப் பெண்கள், அண்ணியும் நாத்தனாரும்.

“கண்புரை ஆபரேஷனே வேணாம் அண்ணி. உள்ள வெக்கிற லென்சுல நம்பர் இருக்குதாம். அதான் கடைசி காலத்துல வர்ற அந்திக்கிறிஸ்து போடுற முத்திரைன்னு யூடியூப்ல சொல்றாங்க.”

“முத்திரை நெத்தியிலயும் வலது கையிலயும்தான்டி. கண்ணுன்னு பைபிள்ல எங்க இருக்குது?”

“இப்ப எல்லாம் கம்ப்யூட்டராச்சே. எடத்த மாத்தியிருப்பான்.”

“ஆண்டவரு மேகத்துல வரும்போது எல்லாரு கண்ணும் பாக்கும்னும்தான் இருக்குது. நீ மட்டும் ‘வர்றது யாரு அண்ணி’ன்னு என்னைக் கேப்பியா?”

நாத்தனார் சிரித்துவிட்டாள். சற்றுப் பொறுத்து, “திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு நீயும் கூட வா” என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, நான் தள்ளிப்போட்டுவந்த கண் பரிசோதனைக்குப் போனேன்.