மழையில் ஒலாவோவின் குரல்

உங்கள் காபி நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. பிரேசிலில், எங்கள் ஊர் காம்பினாஸில் நாங்கள் இவ்வளவு சர்க்கரை போட மாட்டோம், அவ்வளவுதான்.

ஒலாவோ என் மகளுக்கு ஞானத்தகப்பன். ஆய்வகத்தில் இருவருக்கும் ஒரே மேசை. நாங்கள் அங்கே உருவாக்கிய ரேடியோக்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசும். ஆளுக்கொரு தனிக் குறியீடு. சிக்கல் என்னவென்றால், பக்கத்தில் இருப்பவனின் சத்தம் தூரத்தில் இருப்பவனை அமுக்கிவிடும். ஏட்டில் இதற்குத் தீர்வு இருந்தது. அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க எந்தக் கருவியாலும் ஆகவில்லை. உரத்த குரலை முதலில் அடையாளம் கண்டு கழித்துவிட்டால் மெல்லிய குரல் மேலே வந்துவிடும் என்று சின்னக் கருவியிலேயே செய்து காட்டியவன் நான்.

ரியோ மாநாட்டில் ஒலாவோ அதைத் தன்னுடையதாக அறிவித்தான். நான் கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டினேன்.

“மேடையில பதட்டத்துல உன் பேரு விட்டுப்போச்சுடா வால்டிர். இதுக்கெல்லாமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ?” என்றான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் பீன்ஸும் பன்றியிறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டே. அது உன்னுடையது என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

கருவியைச் சோதிக்க மான்டிகெய்ரா மலைக்குப் போனோம். தூரத்திலிருந்து பேச வேண்டிய ரேடியோவை அவனே எடுத்துக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினான். மழை பிடித்துக்கொண்டது. கருவி இருந்த என் வண்டிக்குப் பக்கத்தில் மற்றவர்கள் சோதனைக்காகத் தங்கள் ரேடியோக்களில் சளசளத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் அடியிலிருந்து என் கருவி அவன் குரலைப் பிரித்தெடுத்தது.

“வால்டிர், கால் பாறையில மாட்டிக்கிச்சுடா. ஆத்துல தண்ணி ஏறுது. ஆள அனுப்பு.”

எங்களோடு வந்த பொறியாளர் நெய்தே வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “ஒலாவோ ஏதாச்சும் பேசினாரா?”

“இல்லையே. வெறும் இரைச்சல்தான்.” ஹெட்போன் என் காதில் இருந்தது.

அவனுக்கு நான் பதில் சொல்லாமல் இல்லை, ஐயா. பொறுமையாக இரு என்றேன். பேசும் பொத்தானை அழுத்தாமல் சொன்னேன்.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது என்று சொன்னபோது அழுதான். “அது உன்னோடதுதான்டா. நான் திருடிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்டா, வா.”

நான் கேட்கக் காத்திருந்தது அதைத்தான். ஓரெழுத்துகூடச் சிதையாமல் கேட்டது.

பிறகும் நான் பொத்தானை அழுத்தவில்லை.