பின்சக்கரத்துக்கு மேலே ஒரு மச்சான்

பாலைவனத்தில் குடியிருந்துகொண்டு மணலைக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு ஓட்டுரிமை கொடுத்திருக்கவே கூடாது. நெவாடாவில் எங்கள் ஊர்க் கடை வாசலில் மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பிக்கப் வண்டி வைத்திருக்கிறவர்கள் வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டு போவார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று ஒவ்வொருவரையும் கைதட்டி வழியனுப்புவேன்.

நேற்றிலிருந்து என் மனைவி லோரீன் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள்: ஏன் அப்படிச் செய்தாய்? நிதானமாகச் சொன்னால் யாருக்கும் புரியும்.

என்னுடையது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதா பிக்கப். ஊருக்கு வெளியே கழுதைப்படி என்று ஒரு பாறை ஏற்றம் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள்தான் அதில் ஏறும். செப்டம்பர் ஏற்றத் திருவிழாவில் நானும் ஏறுவேன் என்று மதுக்கடையில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வேலையை ஆரம்பித்தேன்.

நொறுங்கிய ஆம்புலன்ஸ் ஒன்றிலிருந்து ஸ்பிரிங் பட்டைகள் கிடைத்தன. சுரங்கத்தில் கழித்துப்போட்ட டயர்கள். வண்டியின் அடிவயிற்றைப் பாறை கிழிக்காமலிருக்க, ‘பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்’ பலகை. அது காற்றில் விழுந்தது. காற்றுக்கு நான் கொஞ்சம் உதவினேன்.

ஒரே குறை, பின்பக்கம் எடையில்லை. எடையில்லாத சக்கரம் பாறையைப் பிடிக்காமல் சும்மா சுற்றும். மணலை நானே அள்ளிக் கட்டியிருப்பேன், முதுகு ஒத்துழைக்கவில்லை. தவிர, மணலுக்குத் தானாக ஏறி உட்காரத் தெரியாது.

லோரீனின் அண்ணன் வெண்டலுக்குத் தெரியும். நூற்று நாற்பது கிலோ. பழைய பள்ளிப் பேருந்து இருக்கை ஒன்றைப் பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே பற்றவைத்து, பெல்ட்டும் போட்டேன். “ராஜா மாதிரி இருக்கு மாப்ளே” என்றான். ஜூன் மாதம் கழுதைப்படியில் பாதி தூரம் ஏறினோம்.

அப்போதுதான் மருத்துவர் குறுக்கே வந்தார். வெண்டலின் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டனவாம். இருபது கிலோ குறைத்தால்தான் அறுவை சிகிச்சையாம், இல்லையென்றால் சக்கர நாற்காலியாம். நான் அவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நாற்காலி செப்டம்பருக்கு அப்புறம்தானே.

லோரீன் அவனுக்கு அவித்த காய்கறி அனுப்பினாள். கொண்டுபோய்க் கொடுப்பது நான். கூடவே ஒவ்வொரு முறையும் பீக்கன் பருப்பும் சர்க்கரைப் பாகும் வைத்துச் சுட்ட ‘பீக்கன் பை’ ஒன்றும் கொடுத்தேன். நொந்துபோன மனுஷனுக்கு இனிப்பு கொடுப்பது குற்றமென்றால் நான் குற்றவாளிதான். அவன் வீட்டு எடை இயந்திரத்தின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. வாரம் ஒருமுறை அதை லேசாகத் திருப்பி எடையைக் குறைத்துக் காட்டினேன். முள் இறங்க இறங்க வெண்டலின் முகத்தில் என்ன சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை எந்த மருத்துவர் கொடுத்தார்?

நேற்றுத் திருவிழா. ஊரே பாறை மேல் உட்கார்ந்திருந்தது. பாறையில் பிடிப்புக்காக டயரில் காற்றைப் பாதி இறக்கினேன், வெண்டலுக்கு பெல்ட் மாட்டினேன், கிளம்பினேன். ஜூனில் தாண்டிய முதல் படியிலேயே சக்கரம் சுற்றியது. ரப்பர் புகைந்தது. வண்டி மெதுவாகப் பின்வாங்கி அடிவாரத்திலேயே வந்து நின்றது. ஊர் சிரித்தது.

வெண்டல் இறங்கினான். அவனுடைய காற்சட்டையைக் கயிறு போட்டு இறுக்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“இருபத்திரண்டு கிலோ கொறஞ்சிருக்கு, மாப்ளே. ஆஸ்பத்திரி மெஷின்ல. அடுத்த வாரம் ஆபரேஷன்.”

“அப்ப நான் குடுத்த பீக்கன் பை எல்லாம்?”

“நாய்க்குப் போட்டேன். அந்த நாயால இப்ப எந்திரிக்கவே முடியல. ஆமா, திருகைத் திருப்புறதுக்கு முன்னாடி கையில இருக்குற கிரீஸைத் துடைக்க மாட்டியா?”

“தெரிஞ்சும் ஏன்டா மச்சான் ஏறி உக்காந்த?”

“நீ தோக்குறதைப் பக்கத்துல இருந்து பாக்க வேணாமா? இதைவிட நல்ல சீட் ஏது?”

வெண்டலின் அந்தத் துரோகத்தைப் பற்றி லோரீன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத்தான் கேட்கிறாள். சரி, சொல்லிவிடுகிறேன்: பீக்கன் பையும் நான்தான், திருகும் நான்தான். ஒரு ஏற்றத்துக்காக அவன் காலை எடுக்கப் பார்த்தேன் என்கிறாள். அவள் வார்த்தை கொஞ்சம் கடுமை, கணக்கு சரி.

இன்று காலை கடை திறந்ததும் எட்டு மூட்டை மணல் வாங்கினேன். எதிர்ப்பக்கம் கைதட்ட யாரும் இல்லை. மூட்டைகளை அந்த இருக்கையில் அடுக்கி பெல்ட்டையும் மாட்டினேன். ஏற்றத்துக்காக இல்லை. வெண்டல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்வரை அவன் இடத்தை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாதல்லவா.