எழுந்து நின்ற கட்டைவிரல்

மாவு காயும்போது கொஞ்சம் சூடாகும். முகத்துக்கு அச்செடுக்க உட்காருபவர்கள் அதில் மிரண்டுவிடக்கூடாது என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மெழுகுப் பொம்மைக் காட்சியகத்தில் பத்தொன்பது வருஷமாக இதுதான் என் வேலை ஐயா. பாடகர்கள், ஆட்டக்காரர்கள், அமைச்சர்கள் என்று எத்தனையோ முகங்களைத் தொட்டிருக்கிறேன். ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

நீங்கள் கேட்கும் நடிகர் என் மைத்துனன், என் மனைவிக்கு ஒரே தம்பி. தலையைச் சாய்த்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி ஒரு பார்வை பார்ப்பானே, ஊரே விழுந்து விழுந்து சிரிக்குமே, அது என்னுடையது. கல்யாணமான புதிதில் நான் வீட்டில் அப்படிப் பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "அத்தான், இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்றான். எடுத்துக்கொள் என்றேன். குடையைக் கேட்டிருந்தால்கூட கொஞ்சம் யோசித்திருப்பேன்.

பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கவில்லை. அவனுக்குப் பொம்மை வைப்பதென்று முடிவானபோதுதான் ஒன்று கேட்டேன். பொம்மையின் காலடியில் வைக்கும் பலகையில், 'இந்தப் பார்வை என் அத்தான் கற்றுக்கொடுத்தது' என்று ஒரே ஒரு வரி. "இதுகூட செய்ய மாட்டேனா அத்தான்?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற என் மனைவி அழுதேவிட்டாள்.

அச்செடுக்கும் நாள் காலையில் பலகை வந்து சேர்ந்தது. 'கண்ணாடி முன் நின்று தானே கண்டுபிடித்த பார்வை' என்றிருந்தது. மேலாளரைக் கேட்டேன். உங்கள் மைத்துனரே சொன்ன வாசகம்தான் என்றார். நேராக அவனிடம் போய்க் கேட்டேன். நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தான்.

"விடுங்க அத்தான், அதையெல்லாம் யாரு படிக்கப் போறாங்க?"

நெஞ்சு வெந்துபோயிற்று. தயவுசெய்து அதைக் கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை என் முதுகில் குத்தியிருக்கிறான்.

அச்செடுக்கும்போது கண்ணும் வாயும் மாவுக்குள் இருக்கும். மூக்குத் துவாரம் மட்டும் திறந்திருக்கும். தோளும் கைகளும் மாவுக்கட்டில், அசையாமல் இருக்க இடுப்புக்கு வார். வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் வெளியே விடுவோம், சைகை காட்டுவதற்காக. கட்டைவிரலைத் தூக்கினால் சௌகரியமாக இருக்கிறார் என்று அர்த்தம். விரல்களால் தட்டினால் உடனே மாவுக்கட்டை உடைக்க வேண்டும். சுற்றி நின்றவர்களுக்கு அப்படித்தான் விளக்கினேன். அதற்கு முன்பே, உள் அறையில் அவனிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தேன்.

"மூச்சு முட்டினா கட்டைவிரலைத் தூக்கு. வேற எதையும் ஆட்டிடாத, அச்சு கெட்டுப்போயிடும். நான் பக்கத்துலயே இருக்கேன்ல."

சரி என்று தலையாட்டினான். பிறகு எல்லோர் முன்னாலும் கட்டுப் போட்டு முடித்ததும், மூக்கருகே இன்னொரு கரண்டி மாவு வைத்தேன்.

கட்டைவிரல் எழுந்தது. மேலாளர் கைதட்டினார். படம் எடுப்பவர்கள் கிட்டே வந்தார்கள். விரல் இன்னும் விறைப்பாக எழுந்தது. "என்ன உற்சாகம் பாருங்க!" என்றாள் ஒப்பனைக்காரி. அவன் என்னைக் கூப்பிடுகிறான் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் தானாக மடங்கும்வரை விடவில்லை.

கொலை என்றே போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மனைவியிடம் மட்டும் நானே பேசிக்கொள்கிறேன். இரண்டு வாரமாகப் பார்க்க வரவில்லை. தம்பி போன துக்கம், ஆற நாளாகும். அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று சொன்னால் போதும், அவள் என் பக்கம்தான் நிற்பாள்.