கஞ்சி வரிசையின் ஏழு தாள்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் சேதுமாதவன் ஐயா அவர்களே, என் மகன் கீறிய படங்களைப் புத்தகமாக்கித் தந்த ராதா அம்மா அவர்களே, டூட்டி முடிந்த கையோடு, முகம் கழுவவும் நேரமில்லாமல் இந்தக் கராமா மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, மன்னார்க் கரையில் பிறந்த ஜெபராணியின் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இந்த வளைகுடா நாட்டுக்கு வந்து, முவைலாவில் பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. என் மகன் டிலக்சன் பக்கத்து நாட்டில், அல் கோபாரில் ஏசி பூட்டுகிற வேலை செய்தவன். எட்டு மாதத்துக்கு முன்னே சைட்டில் விழுந்து செத்துப் போனான். அவன் கீறிய படக்கதையைத்தான் இன்றைக்கு வெளியிட வந்திருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்கத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

அவனுக்கு ஜப்பான்காரரின் கார்ட்டூன் என்றால் உயிர். வெள்ளிக்கிழமைகளில் போனில் எனக்கும் காட்டுவான். "ஏனடா இதுகள் இந்த முழி முழிக்குதுகள்?" என்பேன். "நீங்கள் தடியோட வரேக்க நானும் இப்பிடித்தானே முழிச்சனான்" என்பான். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான்.

பிறகு குரலைத் தணித்துச் சொல்வான். "அம்மா, இதுகளைக் கீறத் தொடங்கினவையில கனபேர் எங்களைப் போல. பிளேன் வந்து குண்டு போட, எரியிற ஊருக்குள்ளால ஓடின பிள்ளையள். ஆயுதத் தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்பின பள்ளிக்கூடப் பொடியள். தோத்த பிறகு பசியோட கப்பலேறித் திரும்பி வந்த பிள்ளையள். அவையள்தான் பிறகு பேனையை எடுத்தவை."

எதற்காக எடுத்தார்கள்? மறக்கவா? மறைக்கவா? அணுகுண்டு விழுந்த ஊரில் உயிர் தப்பிய ஒரு பிள்ளை, வளர்ந்து, தன் வீட்டார் எரிந்ததைச் சிறுவர் பத்திரிகையிலேயே கீறினானாம். நேரே சொல்ல முடியாதவர்கள் சுற்றிச் சொன்னார்களாம். இரும்பு மனிதனைக் கீறினார்கள். ஒரு நொடியில் அழிகிற நகரத்தைக் கீறினார்கள். தாயில்லாப் பிள்ளையைக் கீறினார்கள். அந்த நெருப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால், மிச்சம் வெறும் பொம்மைதானே ஐயா?

என் பிள்ளையும் இரும்பு மனிதனைக் கீறினான். இந்தப் புத்தகம் முழுக்க அது மணலில் ஓடுகிறது. "எதுக்கு அக்கா ஓடுது?" என்று ராதா அம்மா கேட்டா. "விளையாட்டாக்கும்" என்றேன். பெத்தவளுக்கே தெரியவில்லை.

ரூமில் ஒருவர் செத்தால் கூட இருந்தவர்கள்தான் அவருடைய சாமான்களைப் பெட்டி கட்டுவார்கள். உங்களுக்குத் தெரியாததா? வீட்டார் பார்த்து அழுவார்கள் என்று சிலதை எடுத்து ஒதுக்கி வைப்பார்கள். மகனோடு ஒரே ரூமில் இருந்த மணிமாறன் தம்பியும் அதைத்தான் செய்தார். நேற்று கோபாரிலிருந்து பஸ் ஏறி வந்து என் கையில் ஒரு கவரைத் தந்தார். "மன்னிச்சிடுங்க அக்கா, நீங்க தாங்க மாட்டீங்கன்னு ஏழு தாளை நானே வச்சிக்கிட்டேன்." தம்பி, தலையைக் குனியாதேயும். அன்பினால் செய்தீர்.

இதோ அந்த ஏழு தாள். கடைசிச் சண்டையில் கஞ்சி கொடுத்த வரிசை. கையில் கோப்பையோடு நிற்கிறது என் மகள் சுபிஷா, ஆறு வயது. மேலே செல் குண்டு வருகிறது. தன் முதுகை அவளுக்குக் கூரையாக்க இரும்பு மனிதன் ஓடி வருகிறான். ஏழாம் தாளிலும் அவன் போய்ச் சேரவில்லை.

இடம்பெயர்ந்ததில் எல்லாப் போட்டோவும் போய்விட்டது. என் மகளின் முகம் இந்தத் தாள்களில் மட்டும்தான் இருக்கிறது.

"ஐநூறு பிரதி அச்சாகிடுச்சு அக்கா. குழந்தைங்க படிக்கிற புத்தகம், இது வேண்டாமே" என்றா ராதா அம்மா. அம்மா, அந்த வரிசையில் நின்றதும் குழந்தைதானே.

என்ன தாயே சொல்கிறீர்கள்? பிள்ளைகள் பயப்படுமா? ஓம், பயப்படும். பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள், கட்டிப் பிடிப்பீர்கள். என் பிள்ளை பயந்தபோது நான் பக்கத்தில் இல்லை. நான் பங்கர்க் குழிக்குள் காய்ச்சலோடு கிடந்தேன். தமையன் தண்ணிக்குப் போயிருந்தான். "ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வா" என்று அவளைத் தனியே அனுப்பினது நான். இந்தத் தாள்களில் அவள் தானாகத் துள்ளிக்கொண்டு போகிறாள். டிலக்சனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் கீறவில்லை. என்னை மறைத்துவிட்டான்.

பதினைந்து வருசத்துக்கு மேல் அவன் எனக்காக மறைத்தான். அந்த ஜப்பான் பிள்ளைகள் மறைக்கவில்லை. நானும் இனி மறைக்கப் போவதில்லை.

தலைவர் ஐயா, புத்தகக் கட்டின் ரிப்பனை இன்றைக்கு வெட்ட வேண்டாம். ராதா அம்மா, ஏழு தாளையும் பிடியுங்கள், சேர்த்து அச்சடியுங்கள். எனக்குப் படம் கீறத் தெரியாது. ஆனபடியால் எட்டாவதாக ஒரு தாளில், என் பெயரைப் போட்டு, அனுப்பினது அம்மா என்று எழுதிவிடுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்லி அமர்கிறேன். பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். வணக்கம்.