இரண்டு சீட்டுக் கார்

பகல் இரண்டு மணி. புதுச்சேரி உழவர்கரையில் வீடுகள் முடிந்து முள்ளுக்காடு தொடங்கும் கடைசித் தெரு. கத்திரி வெயில்... ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. பட்டப்பகலில் என்ன பேய் என்று சிரிக்காதீர்கள். கிட்டே வந்து உட்காருங்கள். இது நம் செல்வகுமாரின் சித்தப்பா குமாரவேலுக்கு நடந்தது. செல்வகுமார் ஊரில் இல்லாததால்தான் சொல்கிறேன்.

அந்தத் தெருக்கோடியில்தான் சித்தப்பா வீடு. பக்கத்தில் ஒரு தகர ஷெட். அவரும் அவர் கூட்டாளி கண்ணையனும் மேட்டுப்பாளையம் கம்பெனியில் ஒரே ஷிப்ட். சுனாமி வந்த மறு வருஷம் இருவரும் சேர்ந்து ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா வீட்டுத் தோட்டத்திலிருந்து, துருப்பிடித்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தார்கள். இரண்டே சீட்டு. அதிலும் ஒன்றில் கோழி முட்டையிட்டிருந்தது.

"ஓட வெச்சி, பார்வதிய பீச் ரோட்டுல கூட்டிக்கினு போவணும்டா" என்பார் கண்ணையன். பார்வதி அவர் மனைவி.

ஒருநாள் கண்ணையன் காருக்கு அடியில் படுத்திருந்தார். கார் ஜாக்கியில் நின்றது. ஜாக்கி நழுவினால் தாங்குவதற்கு ஒரு மரக்கட்டை. வெளியே குமாரவேல், இறுகிப்போன சக்கர டிரம்மோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தட்டி எடுக்க ஒரு கட்டை வேண்டும். ஜாக்கிதான் நிற்கிறதே, ஒரு நிமிஷம்தானே... அடியில் கொடுத்திருந்ததை உருவினார்.

கிரீச்... டம்.

"கட்ட வெக்காமலே பூந்துட்டான்" என்று எல்லோரிடமும் சொன்னார் குமாரவேல். செத்தவர் மேலேயே பழியைப் போட்டுவிட்டார். ஊர் நம்பியது. பார்வதியும் நம்பினார்.

முதல் தெவசத்தன்று இலை எடுத்த கையோடு பார்வதி கேட்டார். "அந்தக் கார துருப்புடிக்க வுடாதீங்கண்ணே. அவரு ஆசப்பட்டது. நீங்களே முடிச்சிருங்க."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வார்?

லீவு நாள் மதியங்களில் ஷெட்டைத் திறந்தார். முதல் நாள், அடியில் படுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் பேசாமல் கையை வெளியே நீட்டினார். உள்ளங்கையில் ஸ்பேனர் வந்து உட்கார்ந்தது. பதினேழாம் நம்பர். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

மனைவி தனக்கொடிதான் எடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்தார். அப்புறம் ஞாபகம் வந்தது... கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. தகரச் சூட்டில் புகையிலை வாசனை. கண்ணையன் போடுகிற புகையிலை.

அடுத்த வாரம் படுத்ததுமே, டொக்... டொக்... கட்டையை யாரோ சுத்தியலால் இறுக்கிக் கொடுக்கிற சத்தம். கார் இவர் மேல் விழுந்துவிடக் கூடாதாம். குமாரவேல் அடியிலேயே கிடந்து அழுதார். கழுத்தை நெரித்திருந்தால்கூடத் தேவலை. இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தால் மனுஷன் எப்படித் தாங்குவான்? கட்டையை எடுத்தது யாரென்று கண்ணையனுக்குத் தெரியவே தெரியாதோ... அந்த நினைப்புதான் அவரைத் தின்றது.

கார் முடிந்தது. சிவப்பு பெயிண்ட், புது சீட்டு. சைலன்சர் கிளாம்ப் ஒன்று இறுக்கிச் சக்கரம் மாட்டினால் ஓட்டலாம். நான் முதலில் சொன்ன அந்த இரண்டு மணி வெயிலில்தான் பார்வதி பார்க்க வந்தார். கட்டைகள் மேல் நின்ற காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவினார்.

"கட்ட வெச்சிருந்தா இன்னிக்கு அவரே ஓட்டியிருப்பாரு. எதுலயும் அவசரம், பாவி மனுஷன்..." செத்த புருஷனைத் திட்டித் திட்டி அழுதார்.

குமாரவேலால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிளாம்பைச் சாக்காக வைத்து அடியில் புகுந்துகொண்டார். கையை நீட்டினார்.

ஸ்பேனர் வரவில்லை. ஒரு கை வந்தது.

கிரீஸ் வழுக்கலோடு, சில்லென்று... விரல்களைக் கோத்துப் பிடித்தது. இழுத்துப் பார்த்தார். விடவில்லை.

"பார்வதி... வுடும்மா."

தலைக்கு மேலே சீட்டு ஸ்பிரிங் முனகியது. "இன்னாண்ணே? நான் வண்டிலதான குந்தினுருக்கேன்."

புகையிலை வாசனை. பிடி இறுகியது. எலும்பு நொறுங்குவதுபோல் வலி. குமாரவேல் கத்திவிட்டார். "கட்டைய எடுத்தது நாந்தாம்மா! அவன் வெச்சிருந்தான். நாந்தான் உருவினேன்!"

அப்போதும் பிடி தளரவில்லை. பிறகு பார்வதி பேசினார், அழுகை வற்றிய குரலில்.

"போற நேரத்துல கைய நீட்டியிருப்பாரே... நீங்க புடிச்சீங்களா?"

நீட்டினார். அன்றைக்குக் கண்ணையன் கை காருக்கு வெளியே நீண்டு துடித்தது. குமாரவேல் அதைத் தாண்டிப் போய், கட்டையை மூலையில் ஒளித்தார். திரும்பி வந்தபோது துடிப்பு நின்றிருந்தது.

"புடிச்சேம்மா" என்றார். "கடைசி வரைக்கும் வுடல."

"அது போதும்ண்ணே."

பிடி தளர்ந்தது. ஒரு விரல்... இன்னொரு விரல்... கடைசியில் சுண்டுவிரலும் போனது. புகையிலை வாசனையும் இல்லை.

குமாரவேல் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டியபடியே கிடந்தார். "கண்ணையா... டேய், கண்ணையா..."

யாரும் பிடிக்கவில்லை.