நிலத்துக்கு நீலம் அடித்த சுவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, ஆசிரியர்களே, நம் டீச்சரின் கணவர் அவர்களே, பெற்றோர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் என் வகுப்புத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த உரையை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பள்ளி மலருக்கு இதைக் கேட்டிருக்கிறார்கள். வாங்கிப் பார்ப்பவர்கள் பயப்பட வேண்டாம். கோட்டின் மேல் உட்கார வேண்டிய எழுத்துகள் சில ஏறியும் சில இறங்கியும் நிற்கின்றன. ‘ழ’ வந்த இடத்திலெல்லாம் பேனா நின்று மூச்சு வாங்கியிருக்கிறது. “இந்நேரம் ஒரு வீட்டுக்கே வெள்ளையடிச்சு முடிச்சிருப்பீங்க, இன்னும் ஒரு பக்கம் முடியலையா?” என்று என் மனைவி கேட்டுவிட்டாள்.

வாசிப்பதும் மெதுவாகத்தான். நடுவில் நான் நின்றால் அழுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த சொல்லைக் கூட்டிக்கொண்டிருப்பேன். சில இடங்களில் இரண்டும் சேர்ந்து நடக்கலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் பெயிண்டர். இந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறவன். எனக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. அவருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டம் ‘அளந்து பாரு டீச்சர்’. எந்தச் சந்தேகம் கேட்டாலும் முதலில் அந்தச் சொல்தான் வரும். மரம் எவ்வளவு உயரம் டீச்சர்? அளந்து பாரு! மழை நிறையப் பெய்ததா டீச்சர்? அளந்து பாரு! ஒரு பையன் “எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் டீச்சர்” என்றான். அதற்கும் அதையே சொன்னார். அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த இழப்பை எதால் அளப்பது? அதை மட்டும் அவர் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் இந்தப் பள்ளிக்கு வந்தது வேலைக்காக. ஐந்தாம் வகுப்பு அறைக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும். விடுமுறைக்குள் முடியவில்லை. பள்ளி திறந்துவிட்டது. வேறு டீச்சராக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளை வேறு அறைக்குக் கூட்டிப்போயிருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்து, “இந்த வாரம் நம்ம பாடம் இந்தச் சுவருதான்” என்றார்.

கணக்குப் பாடம், சுவரின் பரப்பளவு. அறிவியல் பாடம், பெயிண்ட் ஏன் காய்கிறது, வாசனை எப்படி மூக்குக்கு வருகிறது. சமூக அறிவியலில், ஒரு டப்பா பெயிண்ட் இங்கே வந்து சேர எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பேசினார்கள். மொழிப் பாடத்துக்கு நான்தான் ஆள்! என்னைக் கேள்வி கேட்டுக் கட்டுரை எழுதினார்கள். “பயமா இருக்காதா தாத்தா, ஏணியில?” “ஏணியில இல்லம்மா, கீழ இறங்கினா வீட்டுக்காரர் நிப்பாரே, அங்கதான் பயம்.” அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் டீச்சர் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். “உங்க பேரைப் பலகையில எழுதுங்களேன்.” நான் சட்டைப் பையைத் தடவி, கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. பிள்ளைகள் வாயைத் திறக்கும் முன்பே, “சரி, யாரு ஏணிய வரையறீங்க?” என்று பேச்சை மாற்றிவிட்டார். அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது யார்? அளந்து பாரு டீச்சர்!

எவ்வளவு பெயிண்ட் வேண்டும் என்று பிள்ளைகள்தான் கணக்குப் போட்டார்கள். நானும் அதையே வாங்கி வரச் சொன்னேன். அடித்து முடித்தால் நீலம் ஏராளமாக மிஞ்சிக் கிடந்தது. எல்லோரும் தலையைச் சொறிந்தோம். நீளப் பென்சில் என்று ஒரு பெண் இருக்கிறாள், வகுப்பிலேயே உயரம், அவள்தான் கண்டுபிடித்தாள். “ஐயோ டீச்சர், ஜன்னலு, கதவு, கரும்பலகை எல்லாத்துக்கும் சேர்த்துப் பெயிண்ட் வாங்கிட்டோம்!” கழிக்க வேண்டியதை யாருமே கழிக்கவில்லை.

டீச்சருக்குக் கோபமா வந்தது? “அப்போ இது நம்ம தப்போட நீலம். இத வெச்சு என்ன செய்யலாம்?” என்றார். வெளிச்சுவரில் உலக வரைபடம் என்று முடிவானது. அவரே சாக்பீஸால் கோடு போட்டு, “காலையில அடிச்சிடுங்க தாத்தா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடித்தேன். கோட்டுக்கு உள்ளே பிசிறில்லாமல், சுத்தமாக நீலம் அடித்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். பார்த்தார்கள். பையை வீசிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். “தாத்தா, நாமெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கோம்!” “கப்பல் ரோட்டுல போகுது டோய்!”

எனக்குக் காது சூடாகிவிட்டது. டீச்சர் வந்தார். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “கோட்டுக்கு உள்ள ஏன் அடிச்சீங்க?” என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட குரல்.

“நீங்க கோடு போட்டது உள்ள அடிக்கத்தானே டீச்சர்? வெளியில இருக்கறது வெறும் சுவருதானே?”

அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்க மாட்டேன். “கேட்டீங்களா? வெறும் சுவராம்! நாம மட்டும் என்ன, வரைபடத்தப் பார்த்தா நாடு நாடாத்தானே பார்க்கறோம்? கோட்டுக்கு வெளியில எவ்வளவு இருக்குன்னு என்னைக்காவது பார்த்தோமா? அளந்து பாருங்க!”

அளந்தோம். சுவர் முழுக்கச் சாக்பீஸால் கட்டம் போட்டு, உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று எண்ணினோம். நிலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெறும் சுவர் என்று நான் சொன்னது அத்தனையும் கடல்! பின்னம் என்ற கணக்கு என் மண்டையில் ஏறியது அன்றைக்குத்தான். சுவரைத் திருத்தித் தருகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினேன். “தொடாதீங்க. அடுத்த வருஷம் வர்ற பிள்ளைங்களும் சிரிக்கட்டும், எண்ணட்டும்” என்றார்.

வேலை முடிந்து ஏணியைத் தூக்கினேன். “திங்கட்கிழமை வாங்க தாத்தா” என்றார். “வேலைதான் முடிஞ்சுபோச்சே டீச்சர்.” “வேலை முடிஞ்சுது. பாடம் முடியலையே?”

அப்படித்தான் கடைசி பெஞ்சுக்கு வந்தேன். ஒரு வாரம் பூட்டு, ஒரு வாரம் குடை, ஒரு வாரம் பேருந்துச் சீட்டு என்று படித்தோம். பேருந்துச் சீட்டு வாரத்தில், பள்ளி நிறுத்தத்தில் ஏன் நிழல் இல்லை என்று பிள்ளைகள் மனு எழுதினார்கள். இப்போது அங்கே கூரை இருக்கிறது. மழைக்கு ஒதுங்கும்போதெல்லாம், இது ஐந்தாம் வகுப்புக் கட்டுரை என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் கொஞ்சம் நகர்ந்து நிற்பார்.

எழுத்துக் கூட்டி நான் முதலில் படித்தது எது தெரியுமா? பெயிண்ட் டப்பா! ‘திறக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்.’ இத்தனை காலம் குலுக்கியிருக்கிறேன். டப்பா சொல்லித்தான் குலுக்குகிறேன் என்று தெரியாது. அதற்குக் கீழே, ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’ வாசித்துவிட்டு நிமிர்ந்தால், டப்பாவைச் சுற்றி ஐந்தாம் வகுப்பே உட்கார்ந்திருக்கிறது! டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

டீச்சரின் கணவர், நம் கடிகாரக் கடைக்காரர், என்னிடம் ஒன்று சொன்னார். “வீட்டுல உங்க பேச்சுத்தாங்க. வகுப்புலயே ஒருத்தர்தான் வீட்டுப்பாடம் தவறாம செய்யறார்னு சொல்லிச் சிரிப்பா.” ஐயா, இதைவிட எனக்கு வேறு சான்றிதழ் எதற்கு?

இனி சொல்லப்போவதைத் தலைமை ஆசிரியர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதம் பள்ளியைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். தப்பான வரைபடம் கண்ணில் படக் கூடாது, வெள்ளையடித்துவிட வேண்டும் என்று ஐயா நினைக்கிறார். அதில் தவறில்லை. பள்ளியின் பெயரைக் காப்பது அவர் பொறுப்பு. “வர்றவங்க என்ன நினைப்பாங்க டீச்சர்?” என்று அவர் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். டீச்சர் சொன்னார்: “நினைக்கட்டும் சார். நினைக்க வைக்கத்தானே பள்ளிக்கூடம்?” பேச்சு அதோடு நின்றது. ஐயா முடிவு சொல்வதற்குள் டீச்சர் நம்மை விட்டே போய்விட்டார். வெள்ளையடிக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

நேற்று ஐயாவிடம் போய், வேண்டாமே என்றேன். “மீட்டிங்ல பேசிக்கலாம் பெரியவரே” என்றார். ஐயா, இதுவும் மீட்டிங்தானே?

ஆகவே, இந்தச் சபையில், டீச்சர் படத்துக்கு முன்னால் நின்று கேட்கிறேன். வெள்ளை வேண்டாம். அதற்குப் பதிலாக, அந்தச் சுவர் வரைபடத்துக்கு அடியில் ஒரு வரி எழுத அனுமதி கொடுங்கள். எத்தனையோ சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். எந்தச் சுவரிலும் ஓர் எழுத்துகூட எழுதியதில்லை. இதில் எழுதுகிறேன். ‘இந்தப் படத்தில் நிலம் நீலமாக இருக்கிறது. வெளியே இருப்பது என்ன? அளந்து பார்.’ அதற்குப் பிறகு, வருகிற அதிகாரி அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார். பையிலிருந்து அளவுகோலைத்தான் தேடுவார். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். சந்தேகம் வந்தால் என் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. திங்கட்கிழமை தோறும், போன வாரம் எனக்குப் புரிந்தது என்று ஒரு பக்கம் எழுதி டீச்சர் மேசையில் வைப்பது எங்கள் வழக்கம். கடைசி வெள்ளிக்கிழமை அவர் கதவருகே நின்று, “அடுத்த வாரம் தசம எண்கள். ஒரு குட்டிப் புள்ளி, எண்ணையே மாத்திடும், பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அது என்ன புள்ளி என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. “நாங்க புத்தகத்தப் பார்த்துச் சொல்லித் தர்றோம் தாத்தா, விட்டுடுவோமா?” என்று நீளப் பென்சில் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

டீச்சர், நன்றி. அடுத்த திங்கட்கிழமை என் பக்கம் உங்கள் மேசையில் இருக்கும். தசமம் புரிந்தால், புரிந்தது என்று எழுதியிருப்பேன். புரியாவிட்டால், எந்த இடத்தில் புரியவில்லை என்று அளந்து எழுதியிருப்பேன்.