தேய்த்தும் போகாத ஜெனரல்

நெலிடா: அந்தத் தகட்டை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுய்யா.

எவாரிஸ்தோ: தள்ளிட்டேன். இப்ப?

நெலிடா: இப்பவும் தெரியுறாரு.

எவாரிஸ்தோ: யாரு?

நெலிடா: வேற யாரு, ஜெனரல்தான். ரூபென் பேருக்குப் பின்னால நின்னு எட்டிப் பாக்குறாரு.

எவாரிஸ்தோ: ஜன்னலைச் சாத்து. வெயில் சாஞ்சு விழுறதாலதான்...

நெலிடா: சாத்திட்டு? விருந்தை இருட்டுல வச்சுக்கலாமா? கறி அடைச்சுச் சுட்ட எம்பனாதாவை மூக்குல திணிச்சுக்கட்டும் எல்லாரும்.

எவாரிஸ்தோ: தடமே தெரியாம தேச்சாச்சுன்னு அந்த எழுத்து வெட்டுறவன் சத்தியம் பண்ணான் நெலிடா.

நெலிடா: நீயும் நம்பின. சரி, புதுத் தகடா வாங்கித் தொலைச்சிருக்கலாம்ல?

எவாரிஸ்தோ: வெண்கலம் விக்கிற விலைக்கா? கிளப் கூரை ஒழுகுது, பந்து உருட்டுற தரையில புல்லு முளைச்சிருக்கு...

நெலிடா: எண்பத்திரெண்டுல ஒரு பக்கம் ஜெனரலுக்கு. 'தீவுகளை மீட்டுத் தந்த மாவீரர், எங்கள் கிளப்பின் வாழ்நாள் உறுப்பினர்.' அடுத்த வருஷம் அதையே திருப்பிப் போட்டு 'மக்களாட்சி வாழ்க.' இப்ப ஜெனரலைச் சுரண்டிட்டு, தோத்த சண்டையில கால் விரலைக் குடுத்தவன் பேரு. இந்தத் தைரியம் எந்த ஊர்க்காரனுக்குய்யா வரும்?

எவாரிஸ்தோ: சிக்கனம்னு சொல்லேன்.

நெலிடா: வெக்கக்கேடுன்னு சொல்லுவேன்.

எவாரிஸ்தோ: மெதுவா! அடுப்புக்கிட்ட ஆளுங்க இருக்காங்க.

நெலிடா: அவங்களுக்குத் தெரியாதாக்கும்? அன்னிக்குக் கை தட்டினவங்கதான் அத்தனை பேரும்.

எவாரிஸ்தோ: ரூபென் உள்ள வந்து இதைப் பாத்தான்னா அப்படியே திரும்பிப் போயிருவான். நாப்பது வருஷமா இந்த வாசப்படி மிதிக்காதவன். அவன் வீட்டுக்கு நான் எத்தனை தடவை நடந்திருப்பேன்... இந்தத் தடவைதான் சரின்னான்.

நெலிடா: தெரியும். அதனாலதான் சொல்றேன். பூச்சாடியை முன்னால வை.

எவாரிஸ்தோ: இப்படியா?

நெலிடா: ம்... இப்பக் கல்லறை மாதிரி இருக்கு.

எவாரிஸ்தோ: இருக்கட்டும். ஒருவேளை அந்தச் சண்டையில ஜெயிச்சிருந்தோம்னு வை...

நெலிடா: ஆரம்பிச்சிட்டாரு கிளப் தலைவரு.

எவாரிஸ்தோ: இல்ல, யோசிச்சுப் பாரேன். இந்தத் தெருவுக்கே அவர் பேருதான். சதுக்கத்துல குதிரை மேல சிலை. என் பேரப்பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல அவரைப் பத்திக் கட்டுரை எழுதும். நான் திருத்திக் குடுப்பேன்.

நெலிடா: நீ ரெண்டு வரி சேத்தும் குடுப்ப.

எவாரிஸ்தோ: தோத்ததால என்ன ஆச்சு? ஆளும் போனாரு, ஆட்சியும் போச்சு, நமக்கு ஓட்டு வந்துச்சு. இன்னிக்கு அவர் பேரைச் சொன்னா 'தீவைத் தோத்த ஆளு'ங்கிறான். அம்புட்டுதான் அவரோட சரித்திரம்.

நெலிடா: அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

எவாரிஸ்தோ: ஏன்?

நெலிடா: தோத்த ஆளுன்னு சொல்லும்போது, என் தம்பி ஒராசியோவைத் தூக்கிட்டுப் போன ஆளுங்கன்னு யாரு சொல்றாங்க? ஆயிரக்கணக்குல காணாமப் போனாங்களே... அதெல்லாம் ரெண்டாவதாத்தான் வாயில வருது. ஜெயிச்சிருந்தா அதுவும் வராது. சண்டையில தோத்ததுதான் குத்தம்ங்கிற மாதிரி ஆயிருச்சு. அப்படிப் பாக்காதே. எனக்கு மட்டும் யோக்கியதை இருக்கா? தம்பியைக் காணோம்னு அஞ்சு வருஷமா ஒவ்வொரு பட்டாள முகாம் வாசல்லயும் நின்னேன். தீவைப் புடிச்சாச்சுன்னு ரேடியோவுல சொன்னதும் இதே கூடத்துல மேசை மேல ஏறி ஆடினேன். சமையல் துணியைக் கொடி மாதிரி சுத்தினேன்.

எவாரிஸ்தோ: எண்ணெய்த் துணி. என் கண்ணுல பட்டுச்சு.

நெலிடா: சிரிக்காதேய்யா... சரி, சிரி. அழுறதுக்கு இது தேவலாம்.

எவாரிஸ்தோ: நான் மட்டும்? சதுக்கத்துல சம்பள உயர்வு கேட்டுக் கோஷம் போட்டு போலீஸ்கிட்ட மண்டையில அடி வாங்கிட்டு வந்திருந்தேன். ரத்தம் காயல. மூணே நாள்ல அதே கட்டோட, அடிக்கச் சொன்னவனுக்கே வாழ்க போட்டேன். சத்தமாக் கத்தினதுல தையல் பிரிஞ்சிருச்சு.

நெலிடா: நான்தானே துடைச்சு விட்டேன். அதே துணியால.

எவாரிஸ்தோ: ரூபென் கேட்டா என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்குல்ல?

நெலிடா: ஜெனரலை வாழ்நாள் உறுப்பினராக்கணும்னு முதல்ல சொன்னது பொருளாளர் ஃபெர்மின். நாம வேண்டாம்னோம். கேக்கல.

எவாரிஸ்தோ: ஃபெர்மின் செத்து எத்தனை வருஷமாச்சு, பாவம்.

நெலிடா: உயிரோட இருந்தப்பவே ஒத்துக்கிட்டாரே, 'பழியை என் தலையில போடுங்க, எனக்குப் பெஞ்சாதியா புள்ளையா'ன்னு... ஏய், கதவு!

ரூபென்: உள்ள வரலாமா? இல்ல, இன்னும் ஒளிச்சு வைக்கிற வேலை முடியலையா?

எவாரிஸ்தோ: ரூபென்! வாடா, வா... ஒளிச்சா? என்னத்தை ஒளிக்கிறோம்?

ரூபென்: தலைவர் பூச்சாடியைக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறாரே.

நெலிடா: அது... அலங்காரம். உக்காருப்பா. கால் வலிக்குதா?

ரூபென்: அஞ்சு கால்விரலைத் தீவுலயே விட்டுட்டு வந்தேன்க்கா. மிச்சம் இருக்கிற அஞ்சுதான் வலிக்குது. அண்ணே, நகருங்க. என் பேரை நான் பாக்க வேண்டாமா?

எவாரிஸ்தோ: சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்டா. எம்பனாதா ஆறுது.

ரூபென்: நகருங்கண்ணே... அழகா இருக்கு. 'ரூபென் சல்தீவியா'... அடியில என்ன, சொரசொரங்குது?

நெலிடா: வெண்கலம் அப்படித்தான்.

ரூபென்: விரல்லயே படிக்க முடியுதுக்கா. 'மாவீரர்'... ஓ. இவரா? இங்கயா இருக்காரு இன்னும்?

எவாரிஸ்தோ: ரூபென், கேளு... போயிராத. அது ஃபெர்மின் பண்ண வேலை. நாங்க எவ்வளவோ சொன்னோம்.

ரூபென்: ஃபெர்மின் அண்ணனா?

நெலிடா: ஆமாப்பா. அவரேதான் எந்திரிச்சுச் சொன்னாரு.

ரூபென்: அன்னிக்கு ஃபெர்மின் அண்ணன் இங்க இல்லையே. குடல்வால் ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரில கிடந்தாரு. நான்தானே அவருக்கு சூப்பு கொண்டுபோய்க் குடுத்துட்டு இங்க வந்தேன். நாற்காலி மேல ஏறினது நான். 'ஜெனரலை நம்ம கிளப்புல சேருங்க'ன்னு கத்தினது நான். பட்டாளத்துல கட்டாய சேவையை முடிச்சுட்டு அப்பத்தான் வந்திருந்தேன். திரும்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாது... அடுத்த வாரமே கூப்பிட்டாங்க. பதுங்கு குழிக்குள்ள பனித் தண்ணில நின்னுட்டு இந்தத் தகட்டைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். திரும்பி வந்ததுக்கப்புறம் இந்தப் பக்கம் வரலைன்னா, உங்க மேல கோவமில்லண்ணே. என்னைப் பாத்தா உங்களுக்கு அது ஞாபகம் வருமேன்னுதான். என்னைத் தவிர யாருக்கும் ஞாபகமில்லையா?

நெலிடா: எல்லாருக்கும் இருக்குடா. கால் விரலைக் குடுத்துட்டு வந்த புள்ளை மேல அதையும் சுமத்த வேண்டாம்னுதான் ஃபெர்மின் தலையில போட்டோம். பாதி உனக்காக, பாதி எங்களுக்காக... நீ ஒரு கையைத் தூக்கின ரூபென், நாங்க ஆமான்னு ரெண்டு கையையும் தூக்கினோம்.